பீரில் சேர்க்கப்படும் வழக்கத்திற்கு மாறான பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீரில் உப்பு, கொத்தமல்லி, புளிப்புச் செர்ரி, பச்சை முட்டை, சிப்பி என்று எதையாவது சேர்த்தார்கள் எனக் கேள்விப்படும்போது, யாரோ விளையாட்டாகச் செய்தது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வேலைக்காகச் சேர்க்கப்பட்டவை. அந்த வேலை எது, அது எந்த ஊரில் எப்படித் தொடங்கியது, எது பாதுகாப்பானது, எது ஆபத்தானது என்பவற்றை இங்கே விளக்கியிருக்கிறோம்.

பீரின் அடிப்படைப் பொருள்கள் எவை? எதை “வழக்கத்திற்கு மாறானது” என்று கொள்வது?

முளைகட்டி உலர்த்திய பார்லி (மால்ட்), ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய நான்கும் இன்றைய பீரின் அடிப்படைப் பொருள்கள். மால்ட்டிலிருந்து சர்க்கரை கிடைக்கிறது; ஈஸ்ட் அதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது; ஹாப்ஸ் கசப்பையும் மணத்தையும் தருவதோடு பீர் விரைவில் கெடாமலும் காக்கிறது. இந்த நான்கிற்கும் அப்பாற்பட்ட எதுவும் இந்தப் பக்கத்தின் வரம்புக்குள் வரும். ஆனால் தயாரிக்கும்போது கொப்பரையில் சேர்ப்பது வேறு, குடிக்கும்போது கோப்பையில் சேர்ப்பது வேறு. முதலாவது நொதித்தலின் போக்கையே மாற்றக்கூடியது. இரண்டாவது சுவையையும் நுரையையும் மட்டுமே மாற்றுவது. பீர் பற்றிய குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகின்றன.

ஹாப்ஸ் எப்போதுமே பீரில் இருந்ததா?

இல்லை. ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஹாப்ஸ் பரவுவதற்கு முன், சதுப்பு மிர்ட்டில், யாரோ (yarrow), காட்டு ரோஸ்மேரி போன்ற செடிகளின் கலவையே பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தந்தது. இந்தக் கலவைக்கு “க்ரூட்” என்று பெயர். இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனிப் பகுதிகளில் க்ரூட்டை விற்கும் உரிமை ஆயர்களிடமும் பிரபுக்களிடமும் இருந்தது. பீர் தயாரிப்பவர் அவர்களிடமிருந்துதான் அதை வாங்க வேண்டும் என்பதால், அது வரியாகவே செயல்பட்டது. ஹாப்ஸ் பரவியபோது அந்த வருவாயும் கூடவே தேய்ந்தது. 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி பிங்கனின் ஹில்டெகார்ட், பானங்கள் கெடாமல் காக்கும் ஹாப்ஸின் தன்மையைக் குறிப்பிட்டிருக்கிறார். இங்கிலாந்திற்கு ஹாப்ஸ் சேர்த்த பீர் 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கடல் தாண்டி வந்தது; அதன் பிறகும் நெடுங்காலம் அங்கே ஹாப்ஸ் இல்லாததை “ஏல்” என்றும், ஹாப்ஸ் உள்ளதை “பீர்” என்றும் பிரித்தே வழங்கினார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயரிடம் பீரில் போடப்படும் விநோதப் பொருள் எது என்று கேட்டிருந்தால், ஹாப்ஸைத்தான் சொல்லியிருப்பார்.

ஜெர்மனியில் பீரில் வேறெதையும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

1516-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, பவேரியாவின் இங்கோல்ஷ்டாட் நகரில், நான்காம் வில்ஹெல்ம், பத்தாம் லூட்விக் என்ற இரு கோமகன்கள் வெளியிட்ட ஆணையே இதன் தொடக்கம். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் பயன்படுத்தக் கூடாது என்றது அந்த ஆணை. ஈஸ்ட் அதில் குறிப்பிடப்படவில்லை. நொதித்தலில் ஈஸ்டின் பங்கை லூயி பாஸ்டர் விளக்கியது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

இந்த ஆணையைத் தூய்மைக்கான சட்டம் என்று மட்டும் படிப்பது போதாது. அதன் வாசகங்களில் பெரும்பகுதி விலையைப் பற்றியது: குளிர்கால மாதங்களில் ஒரு மாஸ் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) அளவு பீர் ஒரு ஃபெனிக்கிற்கு (அக்காலச் சிறு நாணயம்) மேலும், கோடையில் இரண்டு ஃபெனிக்கிற்கு மேலும் விற்கப்படக் கூடாது என்று அது வரையறுத்தது. தானியமாகப் பார்லியை மட்டும் அனுமதித்ததால், கோதுமையும் ரை என்ற தானியமும் ரொட்டிக்கு மிஞ்சின. ஆனாலும் கோதுமை பீர் முற்றிலும் ஒழியவில்லை. டேகென்பெர்க் என்ற பிரபுக் குடும்பம் தனி உரிமை பெற்று அதைத் தயாரித்தது. 1602-இல் அந்தக் குடும்பம் வாரிசின்றி முடிந்தபோது, உரிமை ஆட்சியாளர்களின் கைக்கே வந்து, அவர்களுக்குப் பெரும் வருவாயானது. எது கலப்படம், எது அனுமதி என்ற எல்லைக்கோடு நாக்கை மட்டும் பார்த்து வரையப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1906-இல் இந்த விதி ஜெர்மனி முழுவதற்கும் விரிந்தது. பிற நாட்டு பீர்களை இதே காரணம் காட்டித் தடுப்பது செல்லாது என்று 1987-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பீரில் உப்பா? அது எப்படி நன்றாக இருக்கும்?

கேட்பவர்கள் அதிகம் நம்ப மறுப்பது இதைத்தான். விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

கோஸே என்பது ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியிலுள்ள கோஸ்லர் நகரில் பிறந்த பீர். அந்த ஊர் வழியாக ஓடும் கோஸே ஆற்றின் பெயரே அதற்கு. கோதுமை மால்ட்டும் பார்லி மால்ட்டும் கலந்து, லாக்டிக் அமில பாக்டீரியாவால் புளிக்கவைத்து, கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். தொடக்கத்தில் அந்தப் பகுதி நீரிலேயே இருந்த தாது உப்பே இந்தச் சுவைக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. பின்னர் லைப்சிக் நகரம் அதைத் தன் சொந்தப் பானமாகவே ஆக்கிக்கொண்டது. கழுத்து நீண்ட புட்டிகளில் மூடியின்றி நிரப்புவார்கள். நொதித்தலின்போது மேலே எழும் ஈஸ்ட், குறுகிய கழுத்தில் திரண்டு தானே அடைப்பானாக மாறிவிடும்.

தமிழ் வாசகருக்கு இதன் சுவைப் பொருத்தத்தைப் புரிந்துகொள்ள மோரை நினைத்தால் போதும். மோரின் புளிப்பும் லாக்டிக் அமிலத்தால் வருவதே; அதில் உப்புப் போட்டு, கொத்தமல்லித் தழை கிள்ளிப்போட்டு, வெயில் நேரத்தில் குடிக்கிறோம். கோஸேயில் தழைக்குப் பதில் விதை இருக்கிறது. புளிப்பின் கூர்மையை உப்பு மழுக்குகிறது. கொத்தமல்லி விதை எலுமிச்சை போன்ற மணத்தைத் தருகிறது. உப்புக் கரிக்கும் அளவுக்குப் போடுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த பீர் மறைந்துபோகும் நிலைக்கு வந்தது. லைப்சிக்கில் அதைத் தயாரித்துவந்த கடைசிச் சிறிய ஆலை 1966-இல் மூடப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோஸே எங்கும் இல்லை. 1980-களில் லோதர் கோல்ட்ஹான் என்பவர் லைப்சிக்கின் பழைய கோஸே விடுதி ஒன்றைப் புதுப்பித்துத் திறந்தபோது, அங்கே விற்கக் கோஸே வேண்டும் என்பதற்காக, அதைக் குடித்துப் பழகிய முதியவர்களிடம் சுவையைக் கேட்டறிந்து, கிழக்கு பெர்லினில் மீண்டும் தயாரிக்கச் செய்தார். உணவு மரபு அழிவதும் மீள்வதும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை நினைக்கும்போது, அந்த முதியவர்களின் நாக்கு நினைவிற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். இன்று அமெரிக்காவிலுள்ள சிறிய ஆலைகள் பலவும் கோஸே தயாரிக்கின்றன.

கோப்பையில் உப்பைத் தூவினால் நுரை பொங்குவது ஏன்?

பீரில் கரியமில வாயு அழுத்தத்தில் கரைந்திருக்கிறது. உப்புத் துகளின் சொரசொரப்பான பரப்பில் அந்த வாயு எளிதாகக் குமிழாகத் திரள்வதால், நுரை ஒரே மூச்சில் மேலெழுகிறது. சர்க்கரையையோ மணலையோ போட்டாலும் இதே விளைவுதான். உப்பிலுள்ள சோடியம், நாக்கு கசப்பை உணர்வதையும் குறைக்கிறது. அமெரிக்காவில் சிலர் மலிவான பீரில் உப்புத் தூவுவதற்கு இந்த இரண்டுமே காரணம். வாயு விரைவில் வெளியேறிவிடும் என்பதால், நன்றாகத் தயாரித்த பீரில் இதைச் செய்வது வீண் என்பது எங்கள் கருத்து.

மெக்சிகோவில் இந்தப் பழக்கம் ஒரு பானமாகவே வளர்ந்திருக்கிறது. கோப்பை விளிம்பில் உப்புப் பூசி, எலுமிச்சை பிழிந்து, மெல்லிய பீரை ஊற்றினால் அது செலாடா. அதனுடன் மிளகாய்ச் சாறும், வூஸ்டர்ஷயர் சாஸ் போன்றவையும் சேர்ந்தால் மிச்செலாடா. சிலர் தக்காளிச் சாறும், மட்டிச் சாறு கலந்த தக்காளிச் சாறும் சேர்ப்பார்கள். கனடாவில் பீரோடு தக்காளிச் சாறு கலப்பதற்கு “ரெட் ஐ” என்று தனிப் பெயரே உண்டு.

கொத்தமல்லி விதையை வேறு எந்த பீரில் சேர்க்கிறார்கள்?

பெல்ஜியத்தின் கோதுமை பீரான “விட்பியர்” இதில் முதன்மையானது. கொத்தமல்லி விதையும் குராசோ ஆரஞ்சின் உலர்ந்த தோலும் அதன் அடையாளங்கள். ஹோகார்டன் என்ற சிற்றூரில் கடைசி ஆலையும் 1950-களில் மூடப்பட்ட பிறகு, அங்கே பால் விற்றுவந்த பியேர் செலிஸ் என்பவர் 1960-களின் நடுவில் தன் வீட்டுக் கொட்டிலில் அதை மீண்டும் தொடங்கினார். இன்று உலகெங்கும் விற்கும் இந்த வகை, அந்த ஒருவரின் முயற்சியால் பிழைத்தது.

பழம் சேர்த்த பீர் இனிப்பாக இருக்குமா?

பழத்தைச் சேர்த்த விதத்தைப் பொறுத்தது. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தின் லாம்பிக் பீர், காற்றில் உள்ள இயற்கை ஈஸ்ட்டாலும் பாக்டீரியாவாலும் நொதிப்பது. அதில் புளிப்புச் செர்ரியை முழுதாகப் போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பதே “க்ரீக்”. பழத்திலிருந்த சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடுவதால், மரபான க்ரீக் இனிப்பதில்லை. நிறமும் புளிப்பும், கொட்டையிலிருந்து இறங்கும் லேசான பாதாம் மணமும் மட்டுமே எஞ்சும். மரபாகப் பயன்பட்டது ஸ்கார்பேக் வகைச் செர்ரி. ஸ்கார்பேக் இன்று பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் அடங்கிய பகுதியாகிவிட்டதால், அந்த மரங்கள் அரிதாகிவிட்டன.

பெர்லினர் வைசே என்ற புளிப்பு பீரில் ராஸ்பெர்ரி பாகையோ, வால்ட்மைஸ்டர் என்ற காட்டு மூலிகையின் பச்சை நிறப் பாகையோ கோப்பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கிறார்கள், இது இனிக்கும். போலந்திலும் ராஸ்பெர்ரிப் பாகு கலந்த பீர் மிகச் சாதாரணமானது. அங்கே குளிர்காலத்தில் பீரைச் சூடாக்கி, கிராம்பும் பட்டையும் தேனும் சேர்த்துக் குடிப்பதும் உண்டு.

பச்சை முட்டையைப் பீரில் உடைத்து ஊற்றுவது உண்மையா?

உண்மை. வியட்நாமின் ஹனோய் நகரக் கடைகளில், அடித்து நுரைத்த முட்டை மஞ்சள் கருவின் மீது பீரை ஊற்றித் தருகிறார்கள். ஜமைக்காவில் ஸ்டவுட் என்ற கரும் பீருடன் சுண்டிய பால், ஜாதிக்காய், வனிலா ஆகியவற்றைக் கலந்து, சில வீடுகளில் முட்டையும் சேர்த்து அடித்துக் குடிப்பார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பரவியிருந்த “ஃப்ளிப்” இவற்றிற்கு மூத்தது: பீர், ரம், வெல்லப்பாகு, முட்டை ஆகியவற்றைக் கலந்து, அடுப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை அதற்குள் விடுவார்கள். பானம் கொதித்து நுரைக்கும். சர்க்கரை கருகி, கருக்கிய வெல்லத்தின் மணம் ஏறும். ஜெர்மனியில் இன்றும் குளிர்கால விழாக்களில் காய்ந்த கம்பியைப் பீரில் தோய்த்துத் தருகிறார்கள்.

பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பீரிலுள்ள 5 விழுக்காடு ஆல்கஹால் அதைக் கொல்லப் போதாது. ஆகவே செய்துபார்க்க விரும்புவோர் பாஸ்சரைஸ் செய்த (மிதமான சூட்டில் கிருமி நீக்கிய) முட்டையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சிப்பி, பால் என்று பெயர் தாங்கிய பீர்களில் அவை உண்மையிலேயே இருக்கின்றனவா?

மில்க் ஸ்டவுட்டில் பால் இல்லை. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் இருக்கிறது. பீர் ஈஸ்ட்டால் லாக்டோஸை நொதிக்கவைக்க முடியாததால், இனிப்பும் கெட்டித்தன்மையும் அப்படியே தங்கிவிடுகின்றன. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1907-இல் வெளிவந்த மேக்கெசன் இதில் புகழ்பெற்றது. பால் ஒவ்வாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆய்ஸ்டர் ஸ்டவுட் சற்றுச் சிக்கலானது. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் சிப்பி ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவு உணவாக இருந்தது. கரும் பீருக்கு அதுவே தொடுகறி. அந்த இணையை நினைவூட்டும் பெயரை மட்டும் தாங்கிய பீர்களும் உண்டு. சிப்பியைக் கொப்பரையிலேயே போட்டுத் தயாரிக்கும் பீர்களும் உண்டு. டப்ளினின் போர்ட்டர்ஹவுஸ் தயாரிப்பு இரண்டாம் வகை. சிப்பி ஓட்டிலுள்ள சுண்ணாம்பு, கருக வறுத்த மால்ட்டின் அமிலத்தைத் தணிக்கும். சதையிலிருந்து மெல்லிய கடல் உப்புச் சுவை இறங்கும்.

பீர் முழுச் சைவமா?

எல்லாம் அல்ல. கலங்கலைத் தெளியவைக்க, மீனின் காற்றுப்பையை உலர்த்திச் செய்த ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் பிரிட்டனில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அது ஈஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். குடிப்பவருக்குச் சேர்வது மிகச் சொற்பமே என்றாலும், சைவ உணவாளருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கின்னஸ் நிறுவனம் 2015-இல் இந்த முறையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. கடற்பாசி சேர்த்தும், வடிகட்டியும் தெளியவைக்கும் பீர்களில் இந்தச் சிக்கல் இல்லை. லேபிளில் வீகன் குறி உள்ளதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

பீரில் சேர்த்த பொருளால் உயிருக்குத் தீங்கு நேர்ந்ததுண்டா?

உண்டு. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் எடுத்துக்காட்டு நம் மண்ணோடு தொடர்புள்ளது. தென்னிந்தியக் காடுகளில் வளரும் காக்கைக்கொல்லி என்ற கொடியின் கொட்டையை, மீனை மயக்கிப் பிடிப்பதற்காக நீர்நிலைகளில் போடும் பழக்கம் உண்டு. அதிலுள்ள பிக்ரோடாக்சின் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், மால்ட்டைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்திய சில இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள், பீர் “ஏறுவதாக”த் தோன்றவேண்டும் என்பதற்காக, மலபார்க் கரையிலிருந்து கப்பலேறிய இந்தக் கொட்டையின் சாரத்தைக் கலந்தார்கள். 1816-ஆம் ஆண்டின் சட்டம் இதைத் தடைசெய்து, கலக்கும் தயாரிப்பாளருக்கு 200 பவுனும், அவருக்கு விற்கும் மருந்துச் சரக்கு வணிகருக்கு 500 பவுனும் தண்டமாக விதித்தது. விற்பவருக்கே கூடுதல் தண்டம் என்பது கவனிக்கத்தக்கது. 1820-இல் வேதியியலாளர் ஃபிரெடெரிக் ஆக்கும், உணவுக் கலப்படம் பற்றிய தம் நூலில் இந்த மோசடிகளைப் பொதுமக்களுக்கு வெளிப்படுத்தினார்.

இரண்டாவது, நினைத்தாலே மனம் கனக்கும் நிகழ்வு. 1960-களில் கோப்பைகளில் எஞ்சிய சோப்புத்தூள் நுரையைக் கலைத்துவிடுகிறது என்று, நுரை நிலைக்க வேண்டிச் சில ஆலைகள் கோபால்ட் உப்பைச் சேர்த்தன. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் கனடாவின் கியூபெக் நகரில், தினமும் மிக அதிகமாகக் குடித்துவந்தவர்கள் இதயத் தசை நோயால் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். 48 பேர் பாதிக்கப்பட்டு, 20 பேர் இறந்தார்கள். அமெரிக்காவிலும் பெல்ஜியத்திலும் இதே நோய் கண்டறியப்பட்டது. கோபால்ட்டின் அளவு மட்டும் பார்த்தால் சிறியதே. ஊட்டச்சத்துக் குறைபாடும் மிகுகுடியும் சேர்ந்த உடலில் அதுவே நஞ்சாயிற்று. நுரையின் அழகுக்காக மட்டும் சேர்த்த ஒன்று இத்தனை உயிர்களைக் கொண்டுபோனது.

இன்றைய ஆபத்து காஃபீன். அது போதையைக் குறைப்பதில்லை. போதை ஏறியிருப்பதை உணரவிடாமல் செய்கிறது. 2010 நவம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், காஃபீன் சேர்த்த மால்ட் மது தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எனர்ஜி டிரிங்கைப் பீரில் கலக்காதீர்கள்.

விளம்பரத்துக்காகச் சேர்க்கப்படும் விசித்திரப் பொருள்களைப் பற்றி?

2013-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு தயாரிப்பாளர் தன் தாடியிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்டைப் பயன்படுத்தினார். ஈஸ்ட் எங்கும் வாழ்வது என்பதால், அறிவியல் நோக்கில் அது ஏற்கத்தக்கதே. ஐஸ்லாந்தில் 2014-இல் திமிங்கல மாவும், மறு ஆண்டு ஆட்டுச் சாணப் புகையில் வாட்டிய திமிங்கல விதைப்பையும் சேர்த்த பீர்கள் வந்தன. அருகிவரும் உயிரினம் ஒன்றைச் செய்தித்தாள் தலைப்புக்காகக் கொப்பரையில் இடுவதை எங்களால் ஏற்க முடியாது.

லெமன் சோடா கலந்தால் போதை குறையுமா?

அடர்த்தி குறையும், மொத்த ஆல்கஹால் குறையாது. 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பீரில் சம அளவு எலுமிச்சைச் சோடா கலந்தால் 2.5 விழுக்காடாகும், ஆனால் ஒரு முழு புட்டிப் பீரையும் அப்படிக் கலந்து குடித்து முடித்தால், உடலில் சேர்வது அதே ஒரு புட்டி ஆல்கஹால்தான். ஜெர்மனியில் இந்தக் கலவைக்கு “ராட்லர்”, அதாவது மிதிவண்டிக்காரர் என்று பெயர். இதற்கு நேர்மாறானது கொரியாவின் “சோமேக்”: பீரோடு சோஜு என்ற வலிய மதுவைக் கலப்பது. அங்கே அடர்த்தியும் ஏறுகிறது, குடிக்கும் வேகமும் ஏறுகிறது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் போடப்படும் பனிக்கட்டி, வெப்பத்தைத் தணிப்பதோடு பீரை நீர்க்கவும் செய்கிறது.

வீட்டில் ஒன்றை மட்டும் செய்துபார்ப்பதானால் எது?

மது அருந்தும் சட்டப்பூர்வ வயதை எட்டி, ஏற்கெனவே அருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் பதில். குளிர்ந்த மெல்லிய பீரை இரண்டு சிறிய கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் அரை எலுமிச்சையின் சாற்றையும் இரண்டு விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பையும் சேருங்கள். உப்பை முதலில் சாற்றில் கரைத்துவிட்டால் நுரை பொங்கி வழியாது. மற்றொன்றில் எதையும் சேர்க்காமல், இரண்டையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு மிடறு குடியுங்கள். உப்பிட்ட கோப்பையில் கசப்பு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பது முதல் மிடறிலேயே தெரியும்.